அம்மா எண் போட்டு எழுதிய கடிதங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் எங்க ஊரிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு வயல் வீடியோ இல்லை. அம்மா தவறி ஒரு வருஷம் ஆகிவிட்டது, போன வாரம்தான் திதி கொடுத்தோம். அவரைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும்.

அப்பா கடற்படையில் 15 வருஷம் இருந்து, பெட்டி ஆபீசராக பென்ஷனோடு வந்தவர். 1971 போருக்குக் கொடுத்த பூர்வி ஸ்டார் பதக்கம் பீரோவில் இருக்கிறது, ஊரே பார்த்திருக்கிறது. அந்த வருஷங்களில் இந்த வீட்டையும் நிலத்தையும் தாங்கியது யார் என்பது எங்க தெருவைத் தாண்டித் தெரியாது.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். இன்லேண்ட் லெட்டர். அப்பா பேர், கப்பல் பேர், அப்புறம் 'ஃப்ளீட் மெயில் ஆபீஸ், விசாகப்பட்டினம்'. கப்பல் எங்கே நிற்கிறது என்று வீட்டுக்குத் தெரியாது. அங்கே போட்டால் கப்பலுக்குச் சேர்த்துவிடுவார்கள். மூலையில் 14 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார் அல்லவா? கப்பல் கரைக்கு வந்ததும் ஒரு மாதக் கடிதம் மொத்தமாகக் கைக்கு வரும். வரிசை மாறாமல் படிக்கட்டும் என்று அம்மா எண் போட்டார்.

உள்ளே இப்படி இருக்கிறது: 'மேட்டூர் திறந்தாச்சு. கல்லணையும் தாண்டிவிட்டதாம், நம்ம வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. நாற்றங்காலுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்கு இருமல் தேவலை.' அந்த இருமலுக்காகத் தாத்தாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவர் அம்மா. தாத்தா வீடு திரும்பிய பிறகுதான் அந்த ஒரு வரியும். "நடுக்கடலில் இருக்கிறவரிடம் சொன்னால் ஓடி வரவா முடியும்?" என்பார்.

கல்யாணமான அதே வருஷம் போர் வந்தது. டிசம்பர் 9 ராத்திரி டையூ பக்கத்தில் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியது. ஊருக்கு வந்த சேதியில் கப்பல் பேர் இல்லை, 'நேவி கப்பல் ஒன்று போய்விட்டது' என்பது மட்டும்தான். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாராம், சோறு குழைந்து அடிப்பிடித்துவிட்டது. பேர் தெரிந்த பிறகுதான் அழுதிருக்கிறார். "நம்ம கப்பல் இல்லையே, ஏன் அழுகிறாய்?" என்று பாட்டி கேட்டதற்கு, "அத்தனை வீட்டிலும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பாளே அத்தை" என்றாராம். குக்ரியோடு போனவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம் கொஞ்ச காலம் விசாகப்பட்டினத்தில் குவார்ட்டர்ஸ். மீட்டர் கேஜ் ரயிலில் எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல் போய் ஹவுரா மெயில். கைக்குழந்தையோடு தனியாகவே போய் வந்தவர். அங்கே கப்பல் கிளம்பிவிட்டால் பெண்கள்தான் ஒருத்திக்கொருத்தி துணை. எதிர் வீட்டு மலையாளத்து அக்காவுக்கு வலி எடுத்தபோது ரிக்ஷாவில் கூட்டிப் போனது அம்மாதான்.

தாத்தாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்கே வந்துவிட்டார். முறைத் தண்ணீர் ராத்திரியில் வந்தால் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக மதகுக்குப் போவார். மேலே யாராவது மடையை அடைத்திருந்தால் சத்தம் போட மாட்டார். திறந்துவிட்டு, நம்ம வயல் நிறையும்வரை வரப்பிலேயே நிற்பார். அப்பா திரும்பி வந்தபோது ஒரு காணிகூட விற்றிருக்கவில்லை, அடகிலும் இல்லை. எந்த வயலுக்கு எந்த மடை என்று அப்பாவே அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

அப்பா இந்தக் கடிதக் கட்டிலிருந்து சிலதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, மற்றதைப் படிக்கச் சம்மதித்திருக்கிறார். அடுத்த வீடியோவில் 1-லிருந்து வரிசையாகப் படிக்கிறேன். பார்க்கிறவர்களில் நேவி வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், உங்கள் அம்மா எப்படிச் சமாளித்தார் என்று கீழே எழுதுங்கள், அவற்றையும் சேர்த்துப் படிக்கிறேன்.