முதுகு கல்லில் படியட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய மடக்குச் சவரக்கத்தி சில வீடுகளில் ஏதோ ஒரு பெட்டியின் அடியில் கிடக்கும். லேசாகத் துரு படிந்திருக்கும், பிடி நிறம் மாறியிருக்கும். எடுப்போம், விரித்துப் பார்ப்போம், திரும்ப வைத்துவிடுவோம். அப்படி வைத்துவிடாமல் அதைச் சாணைக்கல்லுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். வீட்டில் மேசைமேல் வைத்தே கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

முதலில் கத்தியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அலகின் நடுவில் கறை இருந்தால் பரவாயில்லை. விளிம்பிலேயே துரு குழி பறித்திருந்தால், தீட்டத் தீட்ட அது உதிரும். முடியிழை போல விரிசல் தெரிந்தால், எவ்வளவு அழகான கத்தியானாலும் முகத்தில் வைக்க வேண்டாம். அலகு பிடியோடு சேரும் இடத்தில் ஷெஃபீல்டு என்றோ சோலிங்கன் என்றோ பொறித்திருக்கலாம். ஒன்று இங்கிலாந்தில், மற்றது ஜெர்மனியில். இரண்டுமே தலைமுறை தலைமுறையாகக் கத்தி செய்த ஊர்கள். அங்கே செய்த நல்ல எஃகு நூறு வருடம் கழித்தும் கூர் ஏற்கும்.

சரி, தீட்டுவது எப்படி? சமையல் கத்தி என்றால் கோணத்தை நம் மணிக்கட்டுதான் காக்க வேண்டும். சவரக்கத்திக்கு அந்தக் கவலை இல்லை. அதன் முதுகு தடித்திருப்பது அதற்காகத்தான். முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லைத் தொடும்படி படுக்க வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 16, 17 டிகிரி வரும். முதுகைத் தூக்காமல் இருப்பதுதான் நம் வேலை. முதுகு தேயக்கூடாது என்று இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுபவர்கள் உண்டு. ஒட்டினால் கடைசிக் கல்வரை ஒட்டியே வேலை செய்யுங்கள். நடுவில் பிரித்தால் கோணம் மாறிப்போகும்.

நான் தீட்டிய முதல் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாணைக்கல்லில் எண் கூடக் கூட கல் நுண்மையாகும். 1000 எண் கல்லில் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை, 8000 கல்லுக்குத் தாவிவிட்டேன். அலகு கண்ணாடி மாதிரி மின்னியது. கன்னத்தில் வைத்தால் முடியை வெட்டாமல் இழுத்தது, தோல் எரிந்தது. கல் போதவில்லை என்று நினைத்து 12000 கல்லில் நாள்கணக்கில் தேய்த்தேன். அப்புறம் ஒருநாள் விளிம்பு நெடுகக் கறுப்பு மார்க்கர் பேனாவால் தடவி, 1000 கல்லில் நான்கு முறை ஓட்டிவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் மேலே மை போயிருந்தது. விளிம்பின் ஓரத்தில் மட்டும், நூல் கனத்துக்கு, கறுப்பு அப்படியே நின்றது. கல் விளிம்பைத் தொடவே இல்லை. அத்தனை நாளும் விளிம்புக்கு மேலே இருந்த எஃகைத்தான் மெருகேற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்வது இதுதான்: 1000 கல்லிலேயே பாதிக்கு மேல் வேலை முடிந்தாக வேண்டும். அதற்கு முன் கல் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கல்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய வாட்டர் பேப்பரில் தேயுங்கள். கோடு எல்லா இடத்திலும் அழிந்தால் கல் சமம். பிறகு கல்லை நனைத்து, விளிம்பு முன்னே போகும்படி கத்தியைத் தள்ளுங்கள். கல்லின் முனையில் கத்தியை முதுகின்மேல் உருட்டித் திருப்பி, மறுபக்கத்தை இழுங்கள். அழுத்தம் கூடாது. குழி சாணை பிடித்த, அதாவது பக்கங்களை உட்குழிவாகத் தேய்த்த அலகு மிக மெல்லியது, அழுத்தினால் வளைந்து விளிம்பு கல்லைவிட்டு எழும்பும்.

காது கொடுத்துக் கேளுங்கள். ஆரம்பத்தில் ஒரு இடத்தில் கரகரக்கும், இன்னொரு இடத்தில் சத்தமே இருக்காது. விளிம்பு முழுதும் கல்லில் படியத் தொடங்கியதும் ஓசை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சீராகிவிடும். தண்ணீரையும் கவனியுங்கள். முன்பெல்லாம் கத்திக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போன தண்ணீர், இப்போது விளிம்பைத் தாண்டி அலகின் மேல் ஏறி வரும். எனக்கு இதைப் பார்க்க இன்றும் சந்தோஷம்தான். முன்கை முடியை அலகின் எல்லாப் பகுதியாலும் மழித்துப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் மறுத்தால் திரும்பவும் அதே கல்தான். கட்டைவிரலால் தடவிப் பதம் பார்க்கவே வேண்டாம்.

அடுத்து 4000, 8000, முடிந்தால் 12000. ஒவ்வொன்றும் முந்தைய கல்லின் கீறலை அழிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பிறகு தோல் வார், அதாவது தீட்டிய விளிம்பை இழுத்துப் பதப்படுத்தும் தோல் பட்டை. இங்கே திசை மாறும்: முதுகு முன்னே, விளிம்பு பின்னே. தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். திருப்புவது எப்போதும் முதுகின்மேல்தான், மறந்தால் வார் அறுந்துவிடும். முரட்டுத் துணியில் இருபது தடவை, தோலில் ஐம்பது தடவை என்பது என் வழக்கம்.

மென்மையான முடி எஃகின் கூர்மையை எப்படிக் கெடுக்கிறது என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் சவர அலகுகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து இதற்கு விடை சொன்னார்கள். முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. ஆனால் அது வெட்டுப்படும்போது வளைகிறது. அப்போது விளிம்பில் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் நுண்ணிய சில்லு தெறிக்கிறது. தோல் வாரில் எவ்வளவு இழுத்தாலும் சில்லு தெறித்த இடம் நிரம்பாது. சவரத்தில் இழுப்பு தெரிந்தால் நுண்ணிய கல்லில் பத்துப் பதினைந்து முறை ஓட்டுங்கள். 1000 கல்லுக்குத் திரும்பத் தேவையிருக்காது.

முதல் சவரத்தைக் கன்னத்தில் தொடங்குங்கள். சோப்பு நுரையை நன்றாக ஊறவிட்டு, தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை 30 டிகிரி அளவில் சாய்த்து, முடி வளரும் திசையிலேயே இறக்குங்கள். தாடையும் மேலுதடும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். முடித்ததும் அலகை நன்றாகத் துடைத்து ஈரம் போகவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வணக்கம்.