சாவி யாரிடம் இருக்கிறது?

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, மின்னூல் படிக்கும் கருவிகளான பத்து மின்படிப்பான்களைப் பள்ளி நூலகத்துக்கு வாங்கித் தந்த முன்னாள் மாணவர்களே, மைக்செட்டுக்கு வாடகை வேண்டாம் என்ற தம்பியே, வெயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். தலைமையாசிரியை அம்மா பத்து நிமிடம்தான் தந்திருக்கிறார். இரண்டு இதிலேயே போய்விட்டது.

மூன்று விஷயம் பேச வந்தேன்: கருவி, அதற்குள் ஏற்றும் நூல், இரவல் கொடுக்கும் முறை.

கருவியைப் பற்றி அதிகம் வேண்டாம். செல்போன் போலக் கண்ணைக் கூசவைக்காது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் வரும். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார் என் தாத்தா. ஏடே இல்லாத இந்தச் சுரைக்காயை அவர் பார்க்கவில்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு, ஊர்ப் பேர் வேண்டாம், இதே மாதிரி ஆறு கருவிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் இருநூறு நூல்கள். எந்தப் பதிவேட்டில் எழுதுவது? நூலா, தளவாடமா? இரண்டு நாள் விவாதித்து, மேசை நாற்காலிக்குக் கீழே எழுதினோம். தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தவர் டிராயிங் மாஸ்டர். பாவம், பயந்துபோய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டாததுதான் குறை. எட்டு மாதம் கழித்துத் தணிக்கைக்கு ஆள் வந்தபோது திறந்தால், ஆறும் உயிரில்லாமல் கிடக்கின்றன. வந்தவர் ஒன்றைத் தட்டிப் பார்த்து, “இந்த சிலேட்டுக்குக் குச்சி எங்கே சார்?” என்றார். நம்ம மாஸ்டர் வேர்த்து விறுவிறுத்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினாரே, பார்க்கணும்! பூட்டிவைத்த சுரைக்காயும் கறிக்கு உதவாது.

மாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். நூலகத்துக்கென்று தனி ஆள் வேண்டும். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், கூடுதல் பொறுப்பாக அல்ல. 1931இல் அவர் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. 1948இல் பொது நூலகச் சட்டம் நம் சென்னை மாகாணத்தில் வந்தது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம். சரி, அது ஊர் நூலகத்துக்கு. பள்ளி நூலகத்துக்கு ஒரு முழுநேர நூலகர் கேட்டு நான் ஏறாத படி இல்லை.

நூலுக்கு வருகிறேன். மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சி 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவது வேறு கதை; பல சமயம் கிடைப்பது படிக்கும் உரிமம் மட்டுமே. 2009இல் அமேசான், ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களின் சில மின்பதிப்புகளை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திரும்ப வந்தது, ஆனால் கேட்காமலே நூல் போய்விட்டது. எதை ஏற்றலாம், எதை இரவல் தரலாம் என்று பார்த்துப் பிரிக்க ஓர் ஆள் வேண்டாமா? ஏட்டில் மட்டும் இருக்கிற பணியிடமும் ஏட்டுச் சுரைக்காய்தான் ஐயா!

இரவல் முறை... அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை வரப்போகும் நூலகர் சொல்லட்டும்.

வாசலில் மேசைமேல் கோரிக்கை மனு வைத்திருக்கிறேன். பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, திரும்ப வைத்துவிடுங்கள். வணக்கம்.