கேஸ் தீராது, கசியும்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

என் ஊர் கொழிஞ்சாம்பாறை. வரைபடத்தில் கேரளம், பாலக்காடு மாவட்டம். வீட்டிலும் தெருவிலும் பேசுவது தமிழ். வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் கோவை மாவட்டம் வந்துவிடும். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி இந்த நிலையத்தின் நேயர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலில் கணவாய் வழியாக வரும் காற்றும் அடுப்பை ஊதிவிட்ட மாதிரிதான் வரும். அந்த வெயிலில், சிமெண்டுத் தளத்தில் நிறுத்தி வைத்த ஒரு குட்டி விமானத்தின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பெல்ட்டின் உலோகப் பூட்டு தொடையில் பட்டால் சூடு போட்டதுபோல இருக்கும். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த விமானத்துக்குள் இருக்கும் ஏசியைப் பற்றி.

நான் தொழில் கற்றது பொள்ளாச்சியில், ஒரு கார் ஏசி பட்டறையில். 1994-ஆம் வருடம். அப்போது வண்டி வந்தால் முதல் கேள்வி, "கேஸ் எப்போ போட்டீங்க?" இரண்டாவது கேள்வி கிடையாது. சிலிண்டரை மாட்டுவோம், கேஸ் ஏற்றுவோம், சில்லென்று காற்று வரும், காசு வாங்குவோம். மூன்று மாதத்தில் அதே வண்டி திரும்ப வரும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கூட வேலை செய்தான். வண்டி நுழையும்போதே, "சேட்டா, கேஸ் தீர்ந்நு" என்று மலையாளத்தில் குரல் கொடுப்பான். அந்தச் சொல்லே தவறு என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. பெட்ரோல் தீரும். எண்ணெய் தீரும். ஏசியில் இருக்கும் கேஸ் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் போடுவது, ஓட்டைக் குடத்தைத் தினமும் குழாயடியில் வைப்பது மாதிரி.

அப்புறம் விமானப் பராமரிப்புப் படிப்பு, தேர்வுகள், லைசென்ஸ் என்று வாழ்க்கை வேறு பக்கம் போனது. ஆனால் அந்தப் பட்டறைப் பாடம் கூடவே வந்தது. அது எப்படி உதவியது என்பதை ஒரு விமானத்தை வைத்தே சொல்கிறேன்.

நெல்லியாம்பதிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர். சொந்தமாக ஒரு பழைய பைப்பர் விமானம். நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின், சிறகு கீழே இருக்கும். அந்த வகையில் கதவு ஒன்றே ஒன்று, வலது பக்கம். செஸ்னா வகை விமானம் மாதிரி இறக்கை மேலே இருந்தால் கொஞ்சம் நிழலாவது விழும். பைப்பரில் வெயில் நேராகத் தலையில். அவர் அடிக்கடி தன் அம்மாவை அழைத்துக்கொண்டு பறப்பார். அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. பின் இருக்கையில் உட்கார்ந்து, ஓடுபாதைக்குப் போகும் முன்பே மயக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டார். "தம்பி, இதோட நாலாவது தடவைங்க. மூணு தடவை கேஸ் போட்டாச்சு. ஒரு மாசம் நிக்கறதில்ல" என்றார் மகன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மேலே போய்விட்டால் குளிர் தானாக வரும். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி குறையும். கீழே 38 டிகிரி என்றால் 6,000 அடியில் 26 டிகிரி. பழனியிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆக, குட்டி விமானத்தில் ஏசி உண்மையில் தேவைப்படுவது தரையில் நிற்கும் நேரமும், மெல்ல ஊர்ந்து ஓடுபாதைக்குப் போகும் நேரமும், ஏறும் முதல் சில நிமிடங்களும், இறங்கும் கடைசி நிமிடங்களும்தான். ஆனால் விமானியின் கவனம் மிகக் கூர்மையாக இருக்க வேண்டியதும் அதே நிமிடங்களில்தான். வியர்வை கண்ணில் இறங்க, நாக்கு வறண்டு, சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியைத் தாண்டிவிடும் பயிற்சி விமானிகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதைச் சொகுசு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இனி அந்த பைப்பரின் ஏசி. வேலை செய்யும் விதம் காரில் உள்ளதுதான். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் கம்ப்ரெசரைச் சுற்றும். அழுத்தப்பட்டுச் சூடான கேஸ் கண்டென்சருக்குப் போய் வெளிக்காற்றில் சூட்டை விட்டுத் திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற குறுகிய வழியைத் தாண்டியதும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகும். அப்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். வித்தியாசம் கண்டென்சரில் இருக்கிறது. காரில் அது முன்னால் கம்பீரமாக நிற்கும். இந்த விமானத்தில் அது வயிற்றுக்கு அடியில், ஒரு கதவோடு சேர்ந்து இருக்கிறது. ஏசியைப் போட்டால் கதவு கீழே இறங்கிக் காற்றைப் பிடிக்கும். அணைத்தால் மேலே போய் மூடிக்கொள்ளும். காற்றில் தொங்கும் கதவு விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் அல்லவா? அதற்காக ஓர் அருமையான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். விமானி எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்தால் ஒரு சின்ன சுவிட்ச் அமுங்கும். கம்ப்ரெசரின் கிளட்ச் விடுபடும், கதவும் மேலே ஏறிவிடும். இறங்கும்போது ஏதோ சரியில்லை என்று மறுபடி மேலே ஏற நேர்ந்தால், எஞ்சினின் முழு பலமும் விமானத்துக்கே கிடைக்க வேண்டும் என்பதற்காக. புறப்படும்போது ஏசி அணைந்திருக்க வேண்டும் என்று விமானி முன்னாலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

ஏன் இவ்வளவு கவனம்? சூடான காற்று லேசானது. கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி உயரம். 38 டிகிரி வெயிலில் அங்கே நிற்கும் விமானத்துக்கு, காற்றின் அடர்த்தி 4,400 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். வால்பாறையை விட உயரமான இடத்திலிருந்து கிளம்புவது மாதிரி. இறக்கைக்கும் பிடிப்பு குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. ஏசி மிகவும் தேவைப்படும் நாளில்தான் அதைச் சுற்றுவதற்கான பலம் எஞ்சினிடம் மிகக் குறைவாக இருக்கிறது.

சரி, ஓட்டைக்கு வருகிறேன். முன்னால் வேலை பார்த்தவர்களும் சோப்பு நுரை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நானும் நைட்ரஜன் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் நுரை தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கேஜ் முள் அசையவில்லை. ஒரு நாள் முழுக்கப் போனது. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே அந்த வயிற்றுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனை முழுவதும் அது மூடியே இருந்தது. ஏசி ஓடும்போதோ அது திறந்திருக்கும். கதவு இறங்கினால் கண்டென்சரும் இறங்கும், அதோடு சேர்ந்து இரண்டு ரப்பர் ஹோஸும் வளையும். கதவைக் கீழே இறக்கி நிறுத்திவிட்டு மறுபடி நுரை தடவினேன். ஒரு ஹோஸின் முனையில், உலோகப் பூண் ரப்பரைப் பிடிக்கும் இடத்தில், கடுகு அளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கதவை மூடினேன். நின்றுவிட்டது. திறந்தேன். மறுபடி வந்தது.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் அந்தக் கடுகுக் குமிழியும் ஒன்று. தொழில் கற்கும் தம்பி தங்கைகளுக்கு அதனால்தான் சொல்கிறேன்: கசிவைத் தேடும்போது, இயங்கும் நேரத்தில் அந்தப் பொருள் எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையில் வைத்துத் தேடுங்கள்.

ஹோஸை மாற்றியதோடு வேலை முடியவில்லை. அந்த விமானம் பிறந்த காலத்தில் ஆர்-12 என்ற கேஸ். ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் கட்டுப்படுத்தப்பட்ட கேஸ்களில் அதுவும் ஒன்று. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2010 வரை தவணை கொடுத்திருந்தார்கள். பிறகு ஆர்-134ஏ. இரண்டும் ஒன்றுபோல வேலை செய்தாலும் உள்ளே ஓடும் எண்ணெய் வேறு. ஆர்-12-க்கு மினரல் எண்ணெய். அது புதிய கேஸோடு கலக்காது, கம்ப்ரெசருக்குத் திரும்பி வராமல் குழாயிலேயே தங்கிவிடும். ஆகவே பழைய எண்ணெயைக் கழுவி எடுத்து, இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களை மாற்றி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாகப் போட வேண்டும். இந்த விமானத்தில் யாரோ கேஸை மட்டும் மாற்றிவிட்டு எண்ணெயை விட்டுவிட்டிருந்தார்கள். கம்ப்ரெசர் பிழைத்திருந்தது அதிர்ஷ்டம்.

அப்புறம் வேக்யூம். பலரும் பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலை இது. பம்ப் போடுவது காற்றை எடுக்க மட்டுமல்ல, ஈரத்தை எடுக்கவும்தான். அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் சாதாரண அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அதற்கு நேரம் வேண்டும். ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். நான் பம்பை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டால், சாப்பிட்டு வந்து நிறுத்திவிட்டு, முள் அப்படியே நிற்கிறதா என்று இன்னும் அரை மணி நேரம் பார்ப்பேன். கேஸையும் முள்ளைப் பார்த்து ஏற்றுவதில்லை. தராசில் சிலிண்டரை வைத்து, கிராம் கணக்கில்.

கேஸ் வாங்கும் இடமும் முக்கியம். விலை குறைவு என்று கிடைக்கும் போலி சிலிண்டர்களில் மெத்தில் குளோரைடு கலந்திருக்கலாம். அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டாலே வெடிக்கக்கூடிய பொருளை உண்டாக்கும். 2011-இல் கப்பலில் போகும் குளிரூட்டிய கண்டெய்னர்களின் கம்ப்ரெசர்கள் இப்படித்தான் வியட்நாமிலும் பிரேசிலிலும் வெடித்தன. மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். சில இடங்களில் சமையல் கேஸையே ஏற்றுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில், நாலு பேர் அடைத்து உட்காரும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள். கை கூப்பிக் கேட்கிறேன்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காரில் பெல்ட் மாற்ற அரை மணி நேரம். இந்த எஞ்சினில் பெல்ட் ஓடுவது புரொப்பெல்லருக்குப் பின்னால். மாற்ற வேண்டுமென்றால் புரொப்பெல்லரையே கழற்ற வேண்டும். மறுபடி மாட்டும்போது போல்ட்டுகளைக் குறித்த அளவுக்கு முறுக்கி, கம்பி போட்டுக் கட்ட வேண்டும். ஒரு பெல்ட்டுக்காக இத்தனை. அதனால்தான் புரொப்பெல்லர் எப்போது கழற்றப்படுகிறதோ அப்போதே பெல்ட்டையும் பார்த்துவிட வேண்டும்.

என் விமானத்தில் ஏசியே இல்லை, புதிதாக வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால் எடையிலிருந்து தொடங்க வேண்டும். செஸ்னா 172 வகையை எடுத்துக்கொள்வோம். ஆளும் பெட்டியும் பெட்ரோலும் சேர்த்துச் சுமக்கக்கூடியது ஏறத்தாழ 400 கிலோ. டாங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினால் அதில் 144 கிலோ போய்விடும். மிச்சம் 256. எழுபது கிலோவில் நாலு பேர் ஏறினாலே தாண்டிவிடுகிறது! இதில் முப்பது கிலோ ஏசி என்றால், பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையை இறக்கிவிட வேண்டும், அல்லது பெட்ரோலைக் குறைக்க வேண்டும். அந்த எடை எங்கே உட்காருகிறது என்பதும் கணக்கு. வாலில் கொண்டுபோய் வைத்தால் விமானத்தின் சமநிலை பின்னால் நகரும். அது மூக்கைத் தூக்கும் ஆபத்து.

எஞ்சின் பெல்ட் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் ஏசியும் இருக்கிறது. ஆனால் அந்த செஸ்னாவின் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட், 60 ஆம்பியர். மொத்தமே 1,700 வாட்டுக்குள். ரேடியோ, விளக்கு, கருவிகள் எல்லாம் அதிலிருந்துதான். ஆகவே ஆல்டர்னேட்டரையும் பெரிதாக்க வேண்டிவரும். ஐஸ் பெட்டி வைப்பவர்களும் உண்டு. பெட்டியில் ஐஸ், ஒரு சின்ன பம்ப், ஒரு விசிறி. 10 கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் சூடு, கால் டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடிய அளவுக்கு வரும். ஓடுபாதையில் காத்திருக்கும் இருபது நிமிடத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் ஐஸ் உருகினாலும் தண்ணீர் பெட்டியிலேயே இருக்கும், எடை குறையாது. அந்தப் பெட்டியைக் கட்டி வைக்காமல் பறக்கவும் கூடாது.

எதை வைத்தாலும் சான்று வேண்டும். அந்த வகை விமானத்தில் அந்த ஏசியைப் பொருத்த ஒப்புதல் பெற்ற துணை வகைச் சான்று இருக்க வேண்டும். அதை டிஜிசிஏ, அதாவது நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ஏற்க வேண்டும். பொருத்தியதும் புதிதாக எடை போட்டு, லாக் புக்கில் எழுதி, லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். காரில் இருக்கும் அதே வகை கம்ப்ரெசர்தானே, கோவை உக்கடத்தில் பாதி விலைக்குக் கிடைக்குமே என்று கேட்பார்கள். வார்ப்பு ஒன்றாக இருக்கலாம். கூட வரும் காகிதம்தான் அது எங்கே பிறந்தது, யார் சோதித்தார்கள் என்று சொல்கிறது. அந்தக் காகிதம் இல்லாத பொருளை நான் தொடமாட்டேன்.

செலவில்லாத வழிகளும் உண்டு. விமானம் நிற்கும்போது கண்ணாடிகளுக்கு வெள்ளி நிறத் திரை. ஹேங்கரில் ஒரு சாதாரண ஏசியிலிருந்து குழாய் இழுத்து, ஆள் ஏறும் முன் உள்ளே குளிர வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலை எட்டு மணிக்குள் கிளம்புவது. தண்ணீர் குடித்துவிட்டு ஏறுவது. அந்தத் தோட்டக்காரருக்கும் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு மோர் கொடுத்து ஏற்றுங்கள் என்று.

ஹோஸ் மாற்றி, எண்ணெய் மாற்றி, 900 கிராம் கேஸ் எடை போட்டு ஏற்றினேன். ஒரு வருடம் கழித்து, அடுத்த ஏப்ரலில், வருடாந்தரப் பரிசோதனைக்கு விமானம் வந்தது. கேஸ் முழுவதையும் இயந்திரத்தில் வெளியே எடுத்துத் தராசில் வைத்தேன். 870 கிராம். அம்மாவும் அன்றைக்கு வந்திருந்தார்கள். ஹேங்கர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "எத்தனை இருக்குது கண்ணு?" என்று கேட்டார்கள். சொன்னேன்.

வணக்கம்.