யாருக்கான தூதரகம்?

எல்லாருக்கும் வணக்கம்.

1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்குப் போனது. கொட்டும் மழையில் நடந்த பிரியாவிடையை டிவியில் பார்த்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். நான் பேச வந்தது அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி. 1984 டிசம்பரில், ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைப்பது பற்றி பிரிட்டனும் சீனாவும் செய்துகொண்ட கூட்டுப் பிரகடனம் கையெழுத்தானதிலிருந்தே ஒரு கேள்வி இருந்தது. கொடி மாறிய மறுநாள் இந்த ஊரில் எந்த நாட்டுக்கு என்ன பெயரில் அலுவலகம் இருக்கும்?

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே நமக்கு இருந்தது 'கமிஷன்'. காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதருக்கு ஹை கமிஷனர் என்று பெயர். பிரிட்டிஷ் காலனிக்கு அனுப்பினால் வெறும் கமிஷனர். பிரிட்டன் கிளம்பியபின் அந்தப் பெயர் எதற்கு? அது துணைத் தூதரகம் ஆனது. பிரிட்டனுக்கு, ஆளுநர் உட்கார்ந்திருந்த ஊரில் அதுவரை தூதரகமே தேவைப்படவில்லை. கைமாறுவதற்கு முன்பே அட்மிரால்டி பகுதியில் புதுக் கட்டடம் எழுப்பி, தான் ஆண்ட ஊரில் வெளிநாடாக இருக்கத் தயாரானது.

கைமாறியபின் ஹாங்காங்குக்கு அரசியலமைப்பு போல இருக்கும் அடிப்படைச் சட்டத்தில் 157ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பெய்ஜிங்கோடு தூதரக உறவு உள்ள நாடு அலுவலகத்தை வைத்துக்கொள்ளலாம். சீனா அங்கீகரிக்காத நாடு என்றால் அரசு சாராத நிறுவனம் மட்டும்தான். தென்னாப்பிரிக்கா அப்போது பெய்ஜிங்கை அல்ல, தைவானை அங்கீகரித்திருந்தது. 1996 நவம்பரில் மண்டேலா பெய்ஜிங் பக்கம் மாறும் முடிவை அறிவித்ததற்கு, ஹாங்காங்கில் இருந்த துணைத் தூதரகம் என்னாகுமோ என்ற கவலையும் ஒரு காரணம்.

சரி, அலுவலகங்களுக்கு வழி பிறந்தது. மனிதர்களுக்கு? என் மனதை அறுப்பது இதுதான். 1996 மே மாதம் பெய்ஜிங் ஒரு விளக்கம் தந்தது. சீன வம்சாவளி ஹாங்காங்வாசி கையில் கனடா பாஸ்போர்ட் இருந்தாலும், தன் குடியுரிமை மாறிவிட்டது என்று முறைப்படி அறிவிக்காதவரை அவர் சீனக் குடிமகன்தான். அவருக்கு ஒரு சிக்கல் என்றால் கனடா துணைத் தூதரகம் உரிமையோடு தலையிட முடியாது.

அப்புறம் அங்கேயே பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினர். சீன இரத்தம் இல்லாததால் சீனக் குடியுரிமை தானாக வராது. இந்தியக் குடியுரிமை எப்போதோ போய்விட்டது. கையிலிருந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ பிரிட்டனில் குடியிருக்கும் உரிமை தராதது. ஊர் உண்டு, நாடு இல்லை. அவர்கள் விடாமல் கேட்டார்கள். 1984-லேயே தெரிந்த சிக்கல் இது. அவர்களுக்கு முழுக் குடியுரிமை தரும் சட்டத்தை லண்டன் நிறைவேற்றியது 1997-ல், கொடி இறங்கச் சில மாதங்களே இருந்தபோது. அதற்குள் புதுத் தூதரகத்தின் கட்டடம் எழுந்து நின்றிருந்தது.