வல்லூறுக்குப் பெயர் தந்த அரசி: 435 ஆண்டுகள் நின்ற ஒரு தீவின் சட்டம்

வணக்கம். மத்தியதரைக் கடலின் செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டி வாழும் ஒரு வல்லூறு, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் கிளம்பி, ஆப்பிரிக்கக் கண்டத்தையே கடந்து மடகாஸ்கர் வரை பறந்துபோய்க் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதன் பெயர் எலியனோரா வல்லூறு. 1839இல் ஜுசெப்பே ஜெனே என்னும் இத்தாலிய இயற்கையியலாளர் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டியபோது, பெயருக்கு உரியவரான எலியனோரா, சார்தீனியாத் தீவின் ஆர்போரியா நாட்டை ஆண்ட அரசி, மறைந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. ஒரு பறவைக்கு ஏன் அவருடைய பெயர்? அந்தப் பறவையின் கூட்டைக் கலைக்கக் கூடாது என்று அவருடைய சட்டப் புத்தகம் சொன்னது என்பதால்தான். கணவனைச் சிறைவைத்துவிட்டு மகனையும் கேட்ட ஒரு பேரரசுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதும், நாடு போன பிறகும் அவருடைய சட்டம் எப்படி நின்றது என்பதும்தான் இன்றைய வீடியோ. கடைசி வரை இருங்கள், ஏனென்றால் நடுவில் தீயைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. இந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் மகிழ்வித்தது அதுதான்.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிக்கு மேற்கே இருக்கும் சார்தீனியாத் தீவு இடைக்காலத்தில் நான்கு தனி நாடுகளாக இருந்தது. அவற்றை ஆண்டவர்களை மக்கள் ‘நீதிபதி’ என்றே அழைத்தார்கள். 1297இல் போப் எட்டாம் போனிஃபேஸ், தம்முடையது அல்லாத அந்தத் தீவை, இன்றைய ஸ்பெயினின் கிழக்குப் பகுதியை ஆண்ட அரகோன் அரசருக்கு ஓலை எழுதிக் கொடுத்தார். அந்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு அரகோன் படை 1323இல் வந்து இறங்கியது. அதற்குள் மற்ற மூன்று நாடுகளும் மறைந்துவிட்டிருந்தன. மிஞ்சியது ஒன்றே ஒன்று: ஒரிஸ்தானோவைத் தலைநகராகக் கொண்ட ஆர்போரியா. வேரோடு பெயர்த்தெடுத்த ஒரு பச்சை மரம்தான் அதன் சின்னம்.

எலியனோராவின் தந்தை நான்காம் மரியானோ, அரகோனுடன் முதலில் நட்பாக இருந்து, பிறகு 1353 முதல் அதை எதிர்த்துப் போரிட்டவர். அவருக்குப் பின் வந்த அண்ணன் மூன்றாம் ஊகோனே 1383 மார்ச்சில் ஒரிஸ்தானோவில் நடந்த கலகத்தில் மகளோடு கொல்லப்பட்டார். அப்போது எலியனோரா, ஜெனோவாவின் புகழ்பெற்ற தோரியா குடும்பத்தைச் சேர்ந்த பிராங்கலியோனேயை மணந்து, இரண்டு ஆண் குழந்தைகளுக்குத் தாயாக இருந்தார். செய்தி கிடைத்ததும் அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். தம் மூத்த மகன் ஃபெதெரிகோவை ஆர்போரியாவின் நீதிபதியாக அறிவித்து, அவன் பெயரால் தாமே ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அதே ஆண்டில் பிராங்கலியோனே அரகோன் அரசர் நான்காம் பேதுருவின் அவைக்குப் போயிருந்தார். அரசர் முதலில் அவருக்குப் பட்டங்கள் கொடுத்துச் சிறப்பித்தார். பிறகு திரும்பிப்போக விடவில்லை. மகனையும் தங்கள் வசம் கொண்டுவந்தால்தான் விடுதலை என்பது நிபந்தனை. வாரிசு கைக்கு வந்துவிட்டால் ஆர்போரியா தானாக வந்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. எலியனோரா மகனைக் கொடுக்கவில்லை. கணவரைக் கைதியாகவே சார்தீனியாவுக்குக் கொண்டுவந்து, கல்யாரிக் கோட்டையில், அதாவது அவருடைய நாட்டுக்கு எட்டும் தொலைவிலேயே வைத்தார்கள், அப்போதும் கொடுக்கவில்லை. பிராங்கலியோனே விடுதலையானது 1390இன் தொடக்கத்தில்தான். அதற்குள் ஃபெதெரிகோ 1387இல் இறந்துபோய், இளைய மகன் ஐந்தாம் மரியானோ பட்டத்துக்கு வந்திருந்தான். ஒரு மகனை இழந்து, கணவரைச் சிறையில் விட்டு, எதிரியிடம் ஓர் அங்குலமும் மகனை நகர்த்தாமல் அந்த ஆண்டுகளை அவர் கடந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

கணவரை மீட்பதற்காக 1388இல் அவர் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையில், வென்ற நிலங்கள் பலவற்றை விட்டுக்கொடுத்தார். அந்த உடன்படிக்கையில் அரசியின் ஒப்புதலோடு காரியம் முடிந்துவிடவில்லை. ஊர் ஊராக மக்கள் கூடி, தங்கள் பிரதிநிதிகள் வழியாக அதை ஏற்றுக்கொண்டார்கள், அவர்களுடைய பெயர்களும் அதில் எழுதப்பட்டன. இன்று சார்தீனியக் குடும்பப் பெயர்களின் வரலாற்றை ஆராய்பவர்கள் முதலில் புரட்டுகிற ஆவணங்களில் அதுவும் ஒன்று. கணவர் வந்து சேர்ந்த மறு ஆண்டே, 1391இல், போர் மீண்டும் மூண்டது. சசாரி நகரம் உட்பட விட்டுக்கொடுத்தவற்றை ஆர்போரியாப் படை திரும்பப் பிடித்தது. கல்யாரியும் அல்கேரோவும் சில கோட்டைகளும் தவிர, ஏறக்குறைய முழுத் தீவும் அவர்கள் கையில் இருந்தது.

இந்தப் போருக்கு நடுவில்தான் ‘கார்த்தா தே லோகு’ வெளிவந்தது. ‘லோகு’ என்றால் சார்தீனிய மொழியில் இடம், அந்த நாடு. ‘நாட்டின் சட்டம்’ என்று சொல்லலாம். தந்தை தொகுத்த சட்டம் பதினாறு ஆண்டுகளாகத் திருத்தப்படாமல் கிடக்கிறது, காலமும் மக்களின் நிலையும் மாறிவிட்டன, ஆகவே திருத்துகிறேன் என்று முன்னுரையிலேயே எலியனோரா காரணம் சொல்கிறார். அந்தப் பதினாறு ஆண்டுகளைக் கணக்கிட்டுத்தான் அறிஞர்கள் அதை 1392ஐ ஒட்டி வைக்கிறார்கள். 198 பிரிவுகள். அவை லத்தீனில் எழுதப்படவில்லை. ஆடு மேய்ப்பவருக்கும் உழுபவருக்கும் புரியக்கூடிய சார்தீனிய மொழியில் எழுதப்பட்டன. கொலை செய்தவருக்குத் தலை போகும், எவ்வளவு பணம் கொடுத்தும் தப்ப முடியாது என்று ஒரு பிரிவு சொல்கிறது. பணம் கட்டிக் கொலைப் பழியைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பாவின் பல பகுதிகளுக்குப் பழகிப்போன ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரியைக் கேளுங்கள்.

இப்போது தீ. சார்தீனியாவின் கோடையில் மழை என்பதே அரிது. ஜூனில் கதிர் அறுத்த பிறகு வயலில் நிற்கும் காய்ந்த தாளைக் கொளுத்தி நிலத்தைச் சுத்தம் செய்வது உழவர்களின் வழக்கம். காற்று அடித்தால் அந்த நெருப்பு பக்கத்து வயலையும், மேய்ச்சல் நிலத்தையும், ஊரையும் தின்றுவிடும். எலியனோராவின் சட்டம் அதைத் தடை செய்துவிடவில்லை. அதற்கு ஒரு நாள் குறித்தது. செப்டம்பர் 8, கன்னி மரியாளின் திருநாள் வரும் வரை யாரும் தாளுக்குத் தீ வைக்கக் கூடாது. மீறினால் அபராதம், பிறருக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் ஈடு. இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு பிரிவு: ஜூன் மாத இறுதியில் வரும் புனித பேதுரு திருநாளுக்குள் ஒவ்வோர் ஊரும் தன் எல்லையில் செடி கொடிகளை வெட்டி அகற்றித் தீத்தடுப்புக் கோடு போட்டிருக்க வேண்டும், போடாத ஊரில் ஆளுக்கு இவ்வளவு என்று அபராதம். வெயில் முற்றுவதற்கு முன்பே காப்பு வேலை, வெயில் தணிந்த பிறகே தீ. வேண்டுமென்றே ஒருவருடைய வீட்டுக்குத் தீ வைத்தவருக்கோ, அவரையே கட்டி எரிப்பதுதான் தண்டனை. அந்தக் காலத்தின் கொடுமையை நான் மறைக்க விரும்பவில்லை.

சட்டம் இந்த நாட்களை எந்தச் சொற்களால் குறிக்கிறது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். செப்டம்பருக்குச் சார்தீனிய மொழியில் ‘கபுதான்னி’ என்று பெயர். பொருள், ஆண்டின் தலை. கான்ஸ்டான்டிநோபிளின் பைசாந்தியப் பேரரசு தன் ஆண்டைச் செப்டம்பர் முதல் நாளில்தான் தொடங்கியது. அந்தப் பேரரசின் பிடி தீவை விட்டுப் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும், மாதத்தின் பெயரில் அது ஒட்டிக்கொண்டிருந்தது, இன்றும் இருக்கிறது. ஆக, உழவர்கள் தாளுக்குத் தீ வைத்துப் புது விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்ததும், ஆண்டு பிறந்ததும் ஒரே மாதம். 2021 ஜூலையில், இதே ஒரிஸ்தானோ மாகாணத்தின் மொந்திஃபெர்ரு மலைப்பகுதியில் பெரும் காட்டுத்தீ பரவி, பழமையான ஒலிவ மரங்களும் எரிந்துபோயின, மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இந்தப் பிரிவுகளைப் படித்தால், அவற்றை எழுதியவர்கள் எந்த அச்சத்தோடு எழுதினார்கள் என்பது விளங்கும். உங்கள் ஊரில் இதுபோலத் தீக்கோ தண்ணீருக்கோ நாள் குறித்து வைத்த பழைய ஊர்க்கட்டுப்பாடு ஏதேனும் இருந்தால், கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.

பெண்கள் பற்றிய பிரிவுக்கு வருவோம். திருமணமான பெண்ணை வன்புணர்ந்தவர் 500 லீரா கட்ட வேண்டும்; பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் ஒரு கால் வெட்டப்படும். மணமாகாத பெண் என்றால் 200 லீரா கட்டுவதோடு, அவளை மணந்துகொள்ளவும் வேண்டும். இந்த இடத்தில் நமக்கு உடல் கூசுகிறது, கூசத்தான் வேண்டும். ஆனால் அந்த வரி அங்கே முடியவில்லை: ‘அந்தப் பெண்ணுக்கு விருப்பமானால்’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அவளுக்கு விருப்பமில்லை என்றால், அவளுடைய நிலைக்குத் தக்க வேறொருவரை அவள் மணந்துகொள்ள அவர் சீர் கொடுக்க வேண்டும். மணந்துகொண்டாலும் அபராதம் தள்ளுபடியாவதில்லை. இதை இத்தாலியின் பிற்காலச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள்: பாதிக்கப்பட்ட பெண்ணை மணந்துகொண்டால் குற்றவாளியின் தண்டனை நீங்கும் என்று சொன்ன குற்றவியல் பிரிவு அந்த நாட்டில் 1981இல்தான் ஒழிக்கப்பட்டது. எலியனோராவை இக்காலப் பெண்ணியவாதி என்று சொல்வது மிகை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த ஒரு நிபந்தனையை எழுதிச் சேர்த்தவர்கள் எதை எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

வல்லூறுப் பிரிவு சிறியது: வேட்டைப் பருந்தையும் வல்லூறையும் கூட்டிலிருந்து யாரும் எடுக்கக் கூடாது. வேட்டைக்குப் பழக்கிய வல்லூறு அக்காலத்தில் அரச குடும்பத்தின் செல்வம், ஆகவே இதில் உயிரிரக்கத்தை மட்டும் தேட வேண்டாம்.

எலியனோரா 1403 வாக்கில், பெரும்பாலும் கொள்ளைநோயால், இறந்தார். மகன் மரியானோ 1407இல் இறந்தார். 1409 ஜூன் 30 அன்று சன்லூரிப் போரில் சார்தீனியர்கள் தோற்றார்கள். அடுத்த ஆண்டு ஒரிஸ்தானோ பணிந்தது. எலியனோராவின் சகோதரி பெயாத்ரிச்சேயின் வழிவந்த, பிரான்சின் நர்போன் பிரபு கியோம், தம்மிடம் எஞ்சிய உரிமைகளை 1420இல் 1,00,000 பொன் ஃபுளோரின்களுக்கு அரகோன் அரசர் ஐந்தாம் அல்போன்சோவுக்கு விற்றார். ஆர்போரியா முடிந்தது.

மறு ஆண்டு, 1421இல், அதே அல்போன்சோ கூட்டிய நாடாளுமன்றத்தில், தீவு முழுவதற்கும் எந்தச் சட்டம் பொருந்தும் என்ற கேள்வி வந்தது. தனிச் சட்டம் கொண்டிருந்த சில நகரங்களை விட்டுவிட்டு, மற்ற எல்லா இடங்களுக்கும் எலியனோராவின் கார்த்தா தே லோகுவையே வைத்துக்கொண்டார்கள். அரகோன் போய், ஸ்பெயின் போய், சவோய் வம்சம் வந்த பிறகும் அதைக் கொண்டே வழக்குத் தீர்த்தார்கள். 1827இல் அரசர் கார்லோ ஃபெலிச்சே புதிய சட்டத்தொகுப்பைக் கொண்டுவரும் வரை, அதாவது 435 ஆண்டுகள், அது நடைமுறையில் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் ஜெனே அந்த வல்லூறுக்குப் பெயர் தேடினார்.