பொய்க் கணக்கு எழுத வைக்காதீர்கள்

(டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காகக் காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாக்கள் முன்வரிசையில், அப்பாக்கள் சுவரோரமாக, பிள்ளைகள் வளவுப் படியில் போனும் கையுமாக. அவர்களை உள்ளே கூப்பிட வேண்டாம். அங்கிருந்தே நன்றாகக் கேட்கும்.

முதலில் ஒரு வழக்கை முடித்துவிடுவோம். இந்த நோய் அதிரசம் தின்று வந்ததல்ல. அம்மா கவனிக்காமல் விட்டதாலும் வந்ததல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. “எங்க பக்கம் யாருக்கும் இல்லையே” என்று மாமியார் வீட்டில் பேச்சு வந்தால், “வீட்டில் யாருக்கும் இல்லாமலே பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருகிறது” என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் வாதாடினால் ராத்திரி தூக்கம்தான் போகும்.

உலகத்தில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவனே ஒரு விடலைப் பையன்தான். டொராண்டோவில் 1922 ஜனவரி 11 அன்று, லியோனார்ட் தாம்சன், வயது 14. முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்திச் சில நாள் கழித்துப் போட்ட பிறகுதான் பையன் தேறினான். அதற்கு முன்பு இந்தப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம். இன்று நம் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டு பாலிடெக்னிக் போகிறார்கள், கபடி ஆடுகிறார்கள். உடம்பு சமாளித்துக்கொள்கிறது. வீட்டுக்குள் நடக்கும் பேச்சுதான் அவர்களைச் சாய்க்கிறது.

நம் ஊர் கணக்குத் தெரிந்த ஊர். பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவிக் கடை வைத்த காலத்தில் முதலாளிக்கு உதவியாளான அடுத்தாள் தினமும் வரவு செலவு எழுதுவார். நட்டம் வந்த நாளில் முதலாளி பேரேட்டைத் தூக்கி எறிந்து ஏசினால் என்ன ஆகும்? அடுத்த நட்டம் பேரேட்டில் ஏறாது. மொத்த வரவு செலவையும் கூட்டி ஐந்தொகை போடும்போதுதான் குட்டு உடையும். குளுக்கோமீட்டர் எண்ணும் அப்படி ஒரு பதிவுதான். 286 என்றால், ஊசி அளவையோ நேரத்தையோ சாப்பாட்டையோ பார்க்கச் சொல்கிறது. உங்கள் மகன் கெட்டவன் என்று அது சொல்லவில்லை.

ஒரு பையன் தன் தம்பியின் விரலைக் குத்தி 104 காட்டினான். தினமும் 104, 98, 110. அவன் அப்பச்சி, அதாவது அப்பா, சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டே இருந்தார். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 11 வந்தது, மிக அதிகம். வீட்டில் பூகம்பம். நான் பையனிடம் ஏன் என்று கேட்கவே இல்லை. தம்பிக்கு எவ்வளவு கொடுத்தாய் என்றுதான் கேட்டேன். “ஒரு குத்துக்குப் பத்து ரூபாய்” என்றான், சிரித்தான், அப்புறம் அழுதான். “அப்பச்சி போன் பண்ணினா முதல்ல ‘இன்னைக்கு எவ்வளவு?’தான். சாப்பிட்டியான்னுகூட அப்புறம்தான்.”

இந்த வயதில் எண் ஏறுவதற்கு உடம்பிலேயே காரணம் உண்டு. பருவமடையும்போது வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை மல்லுக்கு இழுக்கிறது. அதே இட்லி, அதே யூனிட் இன்சுலின், ஆனால் போன வருடம் 140 காட்டியது இப்போது 240 காட்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், நிபுணர்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டும், வளரிளம் பிள்ளைகளின் சர்க்கரைச் சராசரி பெரியவர்கள் அளவுக்கு இறங்கவில்லை. நிபுணர் குழுவாலேயே முடியாததை உங்கள் மிரட்டல் முடித்துவிடுமா?

பிள்ளையார் நோன்புக்கு வருகிறேன். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள். 21 இழையில் திரி திரித்து, இனிப்பு மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தன் முறைக்குக் கையை நீட்டுகிறாள். பின்னாலிருந்து ஓர் உறவுக்கார ஆச்சி: “அந்தப் புள்ளைக்குக் குடுக்காதீக, சக்கரை!” கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீட்டிய கையை அவள் தாவணித் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அதிலிருந்து விசேஷ வீடு எதற்கும் வருவதில்லை. அந்த மாவு என்ன, நெல்லிக்காய் அளவு. அதற்குரிய இன்சுலினைக் கணக்குப் பார்த்துப் போட்டுக்கொள்ள அவளுக்கே தெரியும். எனக்கு அந்த ஆச்சி மேல் கோபம் இல்லை, பாசத்தில் சொன்னதுதான். பாசத்தைக் கொஞ்சம் மெல்லச் சொல்லலாம், அவ்வளவுதான்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், சிடுசிடுப்பு வரும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதற்காக, கோபப்படும் ஒவ்வொரு தடவையும் “சுகர் பார்த்தியா?” என்று கேட்காதீர்கள். பதினைந்து வயதுக்கு நியாயமான கோபமும் வரும்.

ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சில பெண் பிள்ளைகள் உடம்பு இளைக்க வேண்டும் என்று ஊசியைத் தவிர்க்கிறார்கள். சிலர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அப்படி ஊசி விட்டுப்போய் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளை வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தால், “எதுக்கு இந்தப் பொழப்பு” என்று ஒரு தடவை சொன்னால்கூட, மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416, டெலி மானஸ், மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அம்மாக்களும் கூப்பிடலாம்.

அம்மாக்கள் என்றேனே, ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பிள்ளை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் கையைத் தூக்குங்கள். பாருங்கள், முன்வரிசை முழுக்க. சுவரோரம் இரண்டே கை. வெளிநாட்டிலிருக்கும் அப்பாக்களுக்கும் இதில் வேலை உண்டு. சர்க்கரை அளவைக் காட்டும், கையில் ஒட்டும் சென்சார் வாங்க வசதியிருந்தால், அதன் எண்ணை எந்த நாட்டிலிருந்தும் போனில் பார்க்கலாம். இங்கே மூன்றரை மணி என்றால் சிங்கப்பூரில் ஆறு, அப்பச்சி எழுந்திருக்கிற நேரம். வாரத்தில் மூன்று ராத்திரி அவர் பார்த்துக்கொள்ளட்டும். இறங்கினால் மட்டும் போன் பண்ணட்டும். அந்த மூன்று ராத்திரி ஆத்தா தூங்கட்டும்.

பணியாரமும் காரச் சட்னியும் வந்துவிட்டன என்று சைகை காட்டுகிறார்கள். ஊசி போட வேண்டிய பிள்ளைகள் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். எத்தனை எடுத்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். கேள்வி இருப்பவர்கள் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.