வைக்கோலில் வைத்த மாங்காய் ஏன் சுருங்குகிறது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். வேப்பனப்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டை ஒட்டிக் கொஞ்சம் மாமரம் இருக்கிறதாம், பங்கனப்பள்ளியும் பெங்களூராவும் கலந்து. "பழுக்க வைக்கக் கார்பைடு கல் வைக்க மனசு வரவில்லை, வைக்கோலில் வைத்தோம். பாதிக் காய் சுருங்கிவிட்டது, மீதி காம்புப் பக்கம் கறுத்துவிட்டது. வைக்கோலில் வைத்தால் இப்படித்தானா? பெங்களூராவை என்ன செய்வது?" என்கிறார்.

வைக்கோல் மேல் பழி போடாதீர்கள் அம்மா. காய் சுருங்கியது என்றால் முற்றுவதற்கு முன்பே பறித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முற்றாத காய் எதில் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. கார்பைடு கல் வைத்தால் தோல் மஞ்சளாகும், உள்ளே புளிப்பு அப்படியே நிற்கும். அந்தக் கல்லிலிருந்து வருவது அசிட்டிலின் வாயு, கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடும் இருக்கும். அதனால்தான் பழம் பழுக்க வைக்க அதைத் தடை செய்திருக்கிறார்கள்.

நம் பக்கம் இளசாகப் பறிக்கிற பழக்கம் ஏன் வந்தது? சித்திரையில் மண்டிக்கு முதலில் போகிற சரக்குக்குத்தான் விலை. அப்புறம் கோடைக் காற்று பயம். பூவிலேயே குத்தகைக்கு எடுத்தவர் ஆள் கூலியைப் பார்த்து ஒரே நாளில் மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போவார், அவரையும் குறை சொல்ல முடியாது. உங்களுக்கு அந்த அவசரம் எதற்கு? ஒரே மரத்தில் உச்சியும் வெயில் படுகிற பக்கமும் முதலில் முற்றும், உள்கிளைக் காய் பிறகுதான். இரண்டு மூன்று தடவையாகப் பறியுங்கள்.

முற்றியதை எப்படிக் கண்டுபிடிப்பது? காயைக் கையில் வைத்துக் காம்புப் பக்கம் பாருங்கள். இளங்காயில் தோள் சரிந்து, காம்பு மேட்டில் நிற்கும். முற்றினால் இரண்டு பக்கமும் தோள் திரண்டு உயர்ந்து, காம்பு குழிக்குள் இறங்கிவிடும். தோலில் கரும்பச்சை வெளுத்து, புள்ளிகள் தெளிவாகத் தெரியும், மேலே லேசாக மாவு பூத்தது போல இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு காயை அறுங்கள். கொட்டை கெட்டிப்பட்டு, அதை ஒட்டிய சதை வெள்ளையிலிருந்து இளமஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பாட்டி இதெல்லாம் பார்க்க மாட்டார், பக்கெட் தண்ணீரில் போடச் சொல்வார். மூழ்கினால் முற்றல், மிதந்தால் இளசு. விவசாயக் கல்லூரிக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். மரத்தில் ஒன்றிரண்டு தானாகப் பழுத்து விழ ஆரம்பித்தாலும் நேரம் வந்துவிட்டது என்றுதான் கணக்கு. அணில் கடித்தது, பூச்சி விழுந்தது கணக்கில் வராது.

இனி அந்தக் கறுப்பு. இது பறிக்கிற விதத்தில் வருவது. கிளையை உலுக்கிக் கீழே தள்ளினால் காம்பு அடியோடு பிய்ந்து, பால் தோலில் வழிந்து சுட்டுவிடும். அடிபட்ட இடமும் மண் பட்ட காம்பும் அழுகலுக்கு வாசல். வலை கட்டிய தொரட்டியால், விரல் நீளக் காம்போடு பறியுங்கள். பிறகு காம்பைக் கொஞ்சம் விட்டு ஒடித்து, காயைத் தலைகீழாகச் சாக்கின் மேல் கவிழ்த்து, பால் வடிய விடுங்கள். வெறும் மண்ணில் மட்டும் வைக்காதீர்கள். வடிந்ததும் கழுவித் துடைத்து நிழலில் ஆற வையுங்கள். 52 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் முக்கி எடுத்தால் கரும்புள்ளி நோய் குறையும், ஆனால் வெப்பமானி இல்லாமல் அதில் இறங்காதீர்கள், காய் வெந்துவிடும்.

வைக்கோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காற்றோட்டமான அறையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காய், அதிகம் போனால் இரண்டு அடுக்கு. குவியலாகக் கொட்டினால் உள்ளே சூடேறிவிடும். நடுவில் நாலைந்து பழுத்த பழம் வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்க வைத்துவிடும். தினமும் ஒரு தடவை புரட்டி, கெட்டதை எடுத்துப் போடுங்கள்.

காற்றில் உதிர்ந்த பிஞ்சைப் பழுக்க வைக்கப் பார்க்காதீர்கள், அது சமையலறைக்குப் போக வேண்டிய சரக்கு. விடியும் முன் பொறுக்கவில்லை என்றால் பசுமாடு முந்திக்கொள்ளும். புளிப்பானது மத்தியானக் களிக்குப் பப்பாகும், அதாவது மாங்காய் போட்ட பருப்பு; கெட்டியானது கடுகுப்பொடி போட்டு ஆவக்காய் ஊறுகாய் ஆகும், மீதி உப்பு தடவி மாடியில் வற்றல். இந்த இரண்டு மாதமும் வீட்டில் யாருக்கும் கை சும்மா இருக்காது.

பெங்களூரா கேட்டீர்கள் அல்லவா? அது வைக்கோலுக்குரிய பழம் இல்லை, பெரும்பகுதி கூழ் ஆலைக்குத்தான் போகும். எல்லை தாண்டிச் சித்தூர் பக்கம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 ஜூனில் விலை விழுந்தபோது, வெளிமாநிலப் பெங்களூரா சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று அங்கே தடை போட்டார்கள். அதனால் ஆலையில் வாங்குகிறார்களா, வழியில் விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு பிறகு பறியுங்கள். பறித்து வண்டியில் ஏற்றிவிட்டால் பேரம் பேசுகிற வாய் உங்களுடையதாக இருக்காது. கிருஷ்ணகிரியிலேயே கூழ் ஆலைகள் இருக்கின்றன, அங்கேயும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது தேங்காய் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்.